வீடியோ காமிராவைக் காதால் பார்த்து வாங்குங்கள்

ரயில்வேயில் சிக்னல், டெலிகாம் பிரிவில் முப்பத்தாறு வருடம் ஒயரோடும் ரிலேயோடும் காலம் தள்ளியவன் நான். அதனால் மின்சாரத்தில் ஓடும் எந்தச் சாமான் வாங்குவதானாலும் நம் சங்கத்து அன்பர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. மிக்ஸி, இன்வெர்ட்டர், வாட்டர் ஹீட்டர் எல்லாம் முடிந்து, இப்போது அடிக்கடி வரும் கேள்வி, "அண்ணாச்சி, பேத்திக்குக் காதுகுத்து வருது. நல்ல வீடியோ காமிரா ஒண்ணு சொல்லுங்களேன்" என்பதுதான்.

கேட்பவர்கள் கடைக்காரர் சொன்ன கணக்கோடு வருகிறார்கள். எத்தனை மெகாபிக்சல், எத்தனை மடங்கு ஜூம், 4கே உண்டா என்றெல்லாம் பட்டியல் தயாராக இருக்கிறது. "அதில் வெளி மைக் செருக வழி இருக்கிறதா?" என்று நான் திருப்பிக் கேட்டால், ஏதோ சம்பந்தமில்லாத கேள்வி கேட்டுவிட்டதுபோல் பார்க்கிறார்கள். சம்பந்தம் உண்டு. குடும்பத்துக்காக வாங்கும் காமிராவில் முதலில் பார்க்க வேண்டியது ஒலி. அடுத்தது, எடுத்ததை எப்படிப் பாதுகாக்கப் போகிறோம் என்பது. படத்தின் தரம் மூன்றாவதாக வரட்டும். இது என் தாழ்மையான கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

படத்துக்குக் குறைவில்லை

1982-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோதுதான் நம் நாட்டில் கலர் டெலிவிஷன் பரவத் தொடங்கியது. அதன் பின்னாலேயே வி.சி.ஆரும் வந்தது. பிறகு நம் கல்யாண மண்டபங்களுக்குள் ஒருவர் தோளில் காமிராவோடும், இன்னொருவர் கண்ணைக் கூசவைக்கும் விளக்கோடும் நுழைந்தார்கள். விளக்கின் சூட்டில் மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டும். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் உறவினர்கள் கையடக்க வீடியோ காமிரா கொண்டுவந்தது அதற்கு அடுத்த கட்டம்.

அந்த நாளைய வி.எச்.எஸ். காஸெட்டில் பதிவாகும் நுணுக்கம் சுமார் 240 கோடுகள்தான். இன்று நடுத்தர விலைச் செல்போன்கூட 1080 வரிசைப் புள்ளிகளில் படம் எடுக்கிறது. 4கே என்பது அதைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள். ஆகவே, "படம் தெளிவாக விழுமா?" என்பது இப்போது பெரிய கேள்வியே அல்ல. எதை வாங்கினாலும் விழும். கையடக்க வீடியோ காமிரா கடைகளில் அரிதாகிப்போனதற்கும் இதுவே காரணம்.

ஆனால் ஒலி அப்படி முன்னேறவில்லை. ஐம்பதாயிரம் ரூபாய்ப் போனாக இருந்தாலும் அதிலுள்ள மைக் மிளகு அளவு. எட்டு அடி தள்ளி உட்கார்ந்து பேசும் பெரியவரின் சொல்லைவிடத் தலைக்கு மேல் ஓடும் ஃபேன்தான் அதற்கு நன்றாகக் கேட்கும்.

எந்தக் காஸெட்டைத் திரும்பப் பார்க்கிறோம்?

என் வீட்டில் இரண்டு பழைய காஸெட்டுகள் இருக்கின்றன. ஒன்று, 1991-ல் திருநெல்வேலியில் நடந்த என் தங்கை கல்யாணம். காசு கொடுத்து அமர்த்திய ஸ்டூடியோக்காரர் எடுத்தது. மூன்று மணி நேரம் ஓடும். முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டு. அந்தக் காலத்து மோஸ்தர் அது. பதிவான ஒலியை எடுத்துவிட்டுப் பாட்டைச் சேர்ப்பதுதான் "எடிட்டிங்". அதில் ஓரிடத்தில் எங்கள் ஆச்சி, மணப்பெண்ணின் நெற்றியில் திருநீறு பூசி, முகவாயைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஏதோ சொல்கிறாள். தங்கை அழுகிறாள். பின்னால் டூயட் பாட்டு ஓடுகிறது. என்ன சொன்னாள் என்று தங்கைக்கே இப்போது சரியாக நினைவில்லை. ஆச்சி 1994-ல் காலமானாள். அவள் குரல் எங்களிடம் வேறெங்கும் இல்லை.

இன்னொன்று, 1997-ல் மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்த எட்டு மில்லிமீட்டர் காமிராவில் எடுத்தது. படம் சாய்ந்திருக்கிறது, பாதிக்கு மேல் இருட்டு. ஆனால் யாரும் பாட்டுச் சேர்க்கவில்லை. குக்கர் விசில் அடிக்கிறது. அம்மா அடுக்களையிலிருந்து, "எய்யா, தார்சாவுல இலை போடு, வெஞ்சனம் ஆயிட்டு" என்று குரல் கொடுக்கிறாள். அப்பா யாரோ ஒருவரிடம் ரயில் லேட்டானதைப் பற்றி வம்பளக்கிறார்.

பம்பாயில் பிறந்து வளர்ந்த என் பேரப்பிள்ளைகள் கல்யாணக் காஸெட்டைப் பத்து நிமிஷம்கூடப் பார்ப்பதில்லை. இந்தச் சாய்ந்த படத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். "தார்சான்னா என்ன தாத்தா? வெஞ்சனம்னா என்ன?" என்று கேட்கிறார்கள். முன்கட்டு என்றும் தொட்டுக்கொள்ளும் கறி என்றும் நான் அர்த்தம் சொல்லலாம். அந்தச் சொல்லை அம்மா சொல்லும் விதத்தில் என்னால் சொல்லிக் காட்ட முடியாது.

ஊரிலேயே இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. தெருவில் இறங்கினால் அந்தப் பேச்சு காதில் விழும். நமக்கு அப்படி இல்லை. பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும், கட்டிடத்தின் கீழே விளையாடும்போது இந்தியும் மராத்தியும் பேசுகிறார்கள். தமிழ் வீட்டுக்குள் மட்டும்தான். அதுவும் பெரியவர்கள் இருக்கும்வரை. நெல்லையோ, தஞ்சாவூரோ, பாலக்காடோ, அவரவர் வீட்டுத் தமிழ் ஏட்டில் இல்லை, வாயில்தான் இருக்கிறது. அந்த வாயின் ஒலியைப் பிடிக்காத காமிரா நமக்கு எதற்கு?

ஜூம் ஒலியைக் கிட்டே கொண்டுவராது

டெலிகாம்காரன் என்ற முறையில் ஒரு சிறு கணக்கு. பேசுபவரிடமிருந்து மைக் இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால், திறந்தவெளிக் கணக்கில் மைக்குக்கு வந்துசேரும் ஒலியின் சக்தி நான்கில் ஒன்றாகக் குறையும். தூரம் நான்கு மடங்கானால் பதினாறில் ஒன்று. லென்ஸை முறுக்கி முகத்தைக் கிட்டே கொண்டுவரலாம். குரல் இருந்த இடத்திலேயே இருக்கும். போதாக்குறைக்கு, குரல் சன்னமாக வந்தால் காமிரா தானாகவே ஒலியின் அளவைக் கூட்டிக்கொள்ளும். அப்போது ஃபேன், தெரு ஹாரன், பக்கத்து வீட்டு டி.வி. எல்லாம் சேர்ந்து கூடும். கல்யாண மண்டபமானால் சுவரில் மோதித் திரும்பும் எதிரொலி வேறு.

ரயில்வே கண்ட்ரோல் போனில் ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லும் எண்ணை எதிர்முனைக்காரர் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வார். காதில் சரியாக விழவேண்டும் என்பதில் அங்கே அத்தனை கண்டிப்பு. வீட்டுப் பதிவில் திருப்பிச் சொல்லச் சொல்ல ஆள் இருக்கப் போவதில்லை.

பரிகாரம் செலவு அதிகமில்லாதது. சட்டையிலோ சேலைத் தலைப்பிலோ குத்திக்கொள்ளும் கிளிப் மைக் ஒன்று வாங்குங்கள். ஒயர் உள்ளது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஒயர் இல்லாததில் இரண்டு மைக்கும் ஒரு ரிசீவரும் சேர்ந்த செட் சில ஆயிரம். உங்கள் போனின் துளைக்கு அது பொருந்துகிறதா என்று லாமிங்டன் ரோடு கடையிலேயே செருகி, பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுவிட்டு வாங்குங்கள். மைக் இல்லாத அவசரத்தில் வீட்டிலுள்ள இன்னொரு போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, பேசுபவரின் மடியருகே வைத்துவிடலாம். ஆரம்பத்தில் ஒருமுறை பலமாகக் கைதட்டினால், பின்னால் படத்தையும் ஒலியையும் ஒன்றுசேர்க்க அந்தத் தட்டல் அடையாளமாக உதவும். பத்து நிமிஷம் ஃபேனை நிறுத்துங்கள். மே மாதமானால் விடியற்காலையில் எடுங்கள்.

யாருக்கு எது வேண்டும்?

முதல் வகை, வீட்டில் ஓரளவு நல்ல செல்போன் இருப்பவர்கள். நம்மில் பெரும்பாலோர் இதில் அடக்கம். நீங்கள் காமிரா வாங்கவே வேண்டாம். மைக், ஒரு முக்காலி ஸ்டாண்டு, இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். போனைக் குறுக்காகப் பிடியுங்கள். பதிவின் நடுவில் அழைப்பு வந்து கெடுக்காமல் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். 1080 போதும். அதில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 4 முதல் 8 ஜி.பி. இடம் பிடிக்கும். 4கே ஆனால் 10 முதல் 20 ஜி.பி.

இரண்டாம் வகை, நீண்ட நிகழ்ச்சிகளை எடுப்பவர்கள். பேத்தியின் அரங்கேற்றம், சங்கத்தின் பொங்கல் விழா நாடகம், இரண்டரை மணி நேரக் கச்சேரி என்றால், போன் சூடேறி இடையில் நின்றுவிடக்கூடும். பழைய போட்டோ காமிராக்களில் பல, 29 நிமிடம் 59 விநாடியில் பதிவைத் தாமே நிறுத்திக்கொள்பவை. இவர்களுக்குத்தான் தனி வீடியோ காமிரா பொருத்தம். சில விஷயங்களைப் பாருங்கள்: லென்ஸாலேயே நடக்கும் ஆப்டிகல் ஜூம் எத்தனை மடங்கு என்பது ஒன்று. "டிஜிட்டல் ஜூம் 200" என்று அட்டையில் போட்டிருப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது, அவ்வளவே. மைக் துளையும் ஹெட்போன் துளையும் இரண்டும் இருக்க வேண்டும். மின்சாரத்தில் செருகிக்கொண்டே ஓடுமா, உபரி பேட்டரி கிடைக்குமா என்றும் கேளுங்கள். மெமரி கார்டில் வி30 என்று போட்டிருந்தால், விநாடிக்கு 30 எம்.பி. வேகம் குறையாமல் எழுதும் என்று பொருள். வீட்டு உபயோகத்துக்கு அது தாராளம்.

மூன்றாம் வகை, படமெடுப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள். லென்ஸ் மாற்றும் மிரர்லெஸ் காமிரா மங்கலான வெளிச்சத்தில் அருமையாக எடுக்கும். ஆனால் காமிராவோடு செலவு முடியாது. லென்ஸ் ஆசை வந்துவிடும். தவிர, அதை வாங்கியவர் அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதாக நான் பார்த்ததில்லை.

எல்லா வகைக்கும் பொதுவாக ஒன்று. நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அதனால் டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது, காமிராவுக்குத் தெரியும். பல போன்களும் காமிராக்களும் விநாடிக்கு 30 படம் என்ற ஏற்பாட்டோடு வருகின்றன. அதில் சில விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். செட்டிங்கில் பி.ஏ.எல். என்றோ 25 அல்லது 50 என்றோ இருந்தால் அதற்கு மாற்றுங்கள். காமிராவைக் குறை சொல்லிக் கடைக்குத் திரும்ப எடுத்துப்போன இரண்டு பேருக்கு இந்த ஒரு மாற்றத்தில் வேலை முடிந்தது.

கல்யாண வீடியோக்காரரிடம் சொல்ல வேண்டியது

"நாமே எதற்கு எடுக்க வேண்டும்? கல்யாணத்துக்குத்தான் ஆள் அமர்த்துகிறோமே" என்று கேட்கலாம். அமர்த்துங்கள். ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும்போதே சில நிபந்தனைகள் போடுங்கள். வெட்டாத, பாட்டுச் சேர்க்காத மூலப்பதிவு முழுவதும், இயல்பான ஒலியோடு, ஹார்ட் டிஸ்க்கில் வேண்டும். தாலி கட்டும் நேரம், பெரியவர்கள் ஆசீர்வாதம், குலவைச் சத்தம், நாதஸ்வரம் ஆகிய இடங்களில் சினிமாப் பாட்டு போடக் கூடாது. பாட்டு வேண்டுமானால் மாப்பிள்ளை அழைப்பில் ஐந்து நிமிஷம் போட்டுக்கொள்ளட்டும். இதை வாயால் சொல்வதோடு நிற்காமல் ரசீதில் எழுதி வாங்குங்கள். இப்போது ட்ரோன் பறக்கிறது, மெதுவாக ஓடும் படம் வருகிறது. பாட்டைச் சேர்த்துப் பேச்சை எடுக்கும் பழக்கம் மட்டும் 1991-ல் இருந்தது போலவே இருக்கிறது.

எடுத்ததைக் காப்பது

இனி அலமாரியில் கிடக்கும் காஸெட்டுகளின் கதை. டேப் என்பது மெல்லிய பாலியெஸ்டர் நாடாவின் மேல் பசையால் ஒட்டிய காந்தத் தூள். நாளாக நாளாகப் பசை தளர்கிறது. பம்பாய் மழைக்காலத்து ஈரம் நான்கு மாதம் நீடித்தால் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் பிடிக்கிறது. காஸெட்டின் ஜன்னல் வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பூச்சு தெரிந்தால் அதை எந்த வி.சி.ஆரிலும் போட வேண்டாம். நாடாவும் கெடும், மெஷினின் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் காஸெட்டுக்கும் தொற்றும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

டேப் நன்றாக இருந்தாலும் ஓட்ட மெஷின் வேண்டுமே. உலகில் கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எட்டு மில்லிமீட்டர் காஸெட்டுக்கு அநேகமாக அதை எடுத்த காமிராவே மெஷின். அந்தக் காமிரா ஓடாவிட்டாலும் காயலான் கடைக்குப் போடாதீர்கள், ரிப்பேருக்கு உதவும். மினி டி.வி. காஸெட் வைத்திருப்பவர்கள் ஃபயர்வயர் கேபிள் வழியாக எடுத்தால், பதிவானது அப்படியே தரம் குறையாமல் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். வீட்டில் எழுதிய டி.வி.டி. தட்டுகளையும் நம்பி இருக்க வேண்டாம். அவற்றின் சாயப் படலமும் காலப்போக்கில் மங்கும். மாற்றி முடித்த பிறகும் பழைய காஸெட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

மாற்றிய பதிவுக்கும், புதிதாக எடுப்பவற்றுக்கும் எப்போதும் இரண்டு பிரதி வேண்டும். ஒன்று இங்கே, மற்றொன்று ஊரிலோ வேறு நகரத்தில் இருக்கும் பிள்ளையிடமோ இருக்கட்டும். சிக்னல் பழுதானால் சிவப்புக்குப் போய் ரயிலை நிறுத்தும்படி நாங்கள் அமைத்திருப்போம். ஹார்ட் டிஸ்க் பழுதானால் எந்த விளக்கும் எரியாது. வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜை அன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன், இரண்டையும் செருகிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே பத்திரமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது அனுப்பும்போது வீடியோவைச் சுருக்கிவிடுகிறது. ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, இடம், யார் யார் என்று பெயர் வையுங்கள். பெயரில்லாத ஆயிரம் துண்டுகளில் அப்பாவின் குரலைத் தேட உங்கள் பேரனுக்குப் பொறுமை இருக்காது.

எதை எடுப்பது?

விசேஷத்தை எல்லோரும் எடுக்கிறார்கள். விசேஷமில்லாத நாளில், வீட்டுப் பெரியவரை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, மைக்கைக் குத்தி, பத்து நிமிஷம் பேசவிடுங்கள். "ஏதாவது சொல்லுங்க" என்றால் யாருக்கும் வாய் வராது. குறிப்பாகக் கேளுங்கள். முதன்முதலில் இந்த ஊரில் எந்த ஸ்டேஷனில் இறங்கினீர்கள்? யார் வீட்டில் தங்கினீர்கள்? முதல் சம்பளம் எவ்வளவு, அதில் ஊருக்கு எவ்வளவு அனுப்பினீர்கள்? தாலாட்டு ஞாபகம் இருக்கிறதா? புளிக்குழம்பு எப்படி வைப்பீர்கள்? கேள்வியைப் பேரப்பிள்ளையே கேட்டால் பதில் இன்னும் நீளமாக வரும். பிள்ளையின் குரலும் சேர்ந்து பதிவாகும். அதுவும் ஒருநாள் பழையதாகும்.

இதெல்லாம் செயற்கை, காமிராவை நீட்டினாலே இயல்பு போய்விடுகிறது என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். முதல் மூன்று நிமிஷத்துக்கு அது உண்மைதான். முக்காலியில் வைத்துவிட்டு நீங்களும் எதிரில் உட்கார்ந்து பேசினால், நான்காவது நிமிஷம் காமிரா மறந்துபோகும். ஆனால் அவர்கள் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது, எடுத்ததை ஊருக்கெல்லாம் அனுப்பவும் கூடாது. குடும்பத்துக்காகச் சொன்னது குடும்பத்தோடு இருக்கட்டும்.

கடைசியாகச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க அறையை ஒதுக்கித் தாருங்கள். ஓடும் நிலையில் வி.சி.ஆரோ பழைய காமிராவோ வைத்திருக்கும் அன்பர்கள் கொண்டுவரட்டும். கம்ப்யூட்டர் தெரிந்த நம் இளைஞர்கள் இரண்டு பேர் போதும். ஒயர் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று மணி நேரக் காஸெட்டை மாற்ற மூன்று மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. ஆகவே ஒரு வீட்டுக்கு ஒரு காஸெட் என்று தொடங்குவோம். கொண்டுவரும் முன் அதன் மேல் எந்த வருடம், எந்த ஊர், உள்ளே யார் யார் என்று எழுதி ஒட்டிவிடுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.